டர்போ பைப்புக்குள் ஒயில்: டர்போவை மாற்றுவதற்கு முன்

கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணன், ஜப்பானில் பாவித்து வந்த 1.0 லீற்றர் டர்போ கார். 78,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. இன்டர்கூலர் பைப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒயில். ஒரு கராஜில் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். கூட்டாளி ஒருவர் கேச் கேன் பூட்டினால் எல்லாம் சரிவரும் என்கிறார். எதைச் செய்வது?"

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். புதியவர்களுக்கு ஒரு வரி: டர்போ என்பது வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்; அந்தக் காற்றைக் குளிராக்குவது இன்டர்கூலர்; எஞ்சினிலிருந்து வரும் வாயுவில் உள்ள ஒயிலைப் பிடித்து வைக்கும் பெட்டிதான் கேச் கேன். டர்போவுக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரு பின்னேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய விடயங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரு துணித்துண்டும் டோர்ச்சும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலைதான் செய்கிறேன். பழுது என்று கழற்றி வைத்த டர்போக்களைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தால் நல்லவை எத்தனையோ இருந்திருக்கின்றன. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதல் கேள்வி, எவ்வளவு ஒயில்? பைப்பின் உட்சுவரில் விரலை ஓட்டினால் கறுப்பாகப் பளபளவென்று ஒட்டுகிறதா, அல்லது பைப்பைச் சரித்தால் வழிந்து ஊற்றுகிறதா? விரலில் ஒட்டும் அளவென்றால் ஓடிய எந்த டர்போ எஞ்சினிலும் அது இருக்கும். புதிய காரில்கூட சில ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு அந்த ஈரத்தைப் பார்க்கலாம். சரித்ததும் ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மேசைக்கரண்டி என்று ஊற்றினால்தான் தேடத் தொடங்க வேண்டும். கூடவே டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ஒரு ஒயில் மாற்றத்திலிருந்து அடுத்ததற்குள் மட்டம் குறைகிறதா, அப்படியே நிற்கிறதா? குறையவே இல்லையென்றால் டர்போ ஒயில் விடுகிறது என்ற கதைக்கு அடிப்படை மிகக் குறைவு.

சரி, அந்த ஒயில் எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள், கிராங்கேஸுக்குள், இறங்கும். டர்போ இருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூட, இறங்குவதும் கூட. அந்த வாயு அங்கே சுழன்று தெறிக்கும் ஒயிலின் புகாரையும், அதாவது பனி போன்ற நுண்துளிகளையும், சேர்த்துக்கொள்ளும். அதை வெளியேற்றாவிட்டால் அழுத்தம் ஏறி சீல்களைத் தள்ளிவிடும். 1960களுக்கு முன்னைய வாகனங்களில் ஒரு குழாயைக் கீழே இறக்கி றோட்டிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு புகைச் சட்டங்கள் வந்ததும் அதே வாயுவை இன்டேக்குக்குள், அதாவது எஞ்சின் காற்றை இழுக்கும் வழிக்குள், திருப்பி எரிக்கும் ஏற்பாடு வந்தது. பிசிவி என்பது அதுதான்.

டர்போ எஞ்சினில் இந்த வாயுவுக்கு இரண்டு வழி உண்டு. எஞ்சின் ஐடிலில் நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் இன்டேக் மெனிபோல்டில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்த் தொகுதியில், உறிஞ்சல் இருக்கும். அப்போது பிசிவி வால்வு திறந்து வாயு நேராக மெனிபோல்டுக்குப் போகும். நீங்கள் மகியங்கனைக்கு அப்பால் 18 வளைவுகளில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். டர்போ காற்றை அமுக்குகிறது, மெனிபோல்டில் உறிஞ்சலுக்குப் பதில் அழுத்தம். அந்த நேரம் பிசிவி மூடிக்கொள்ள வேண்டும். வாயு பிரீதர் ஹோஸ் என்ற காற்றோட்டக் குழாய் வழியாக டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்குப் போய், டர்போவின் காற்றுச் சக்கரத்தைத் தாண்டி, இன்டர்கூலருக்குள் வந்து குளிர்ந்து ஒயிலாகப் படியும். பைப்புக்குள் நீங்கள் பார்த்த ஒயிலில் பெரும்பங்கு இப்படித்தான் வந்திருக்கும். டர்போவின் சீல் உடைந்து வந்தது என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது.

இங்கேதான் நான் எப்போதும் முதலில் கை வைப்பது. மூட வேண்டிய நேரத்தில் அந்த பிசிவி வால்வு மூடுகிறதா? மூடாவிட்டால் டர்போவின் காற்று பின்பக்கமாகக் கிராங்கேஸுக்குள் பாயும். உள்ளே அழுத்தம் ஏற, ஒயில் புகார் முழுதும் பிரீதர் ஹோஸ் வழியே தள்ளிக்கொண்டு இன்டேக்குக்கு வரும். டர்போவின் ஒயில் கீழே வடியவும் முடியாமல் போகும். சின்னப் பிளாஸ்டிக் வால்வு ஒன்று, விலையும் டர்போவுக்குக் கிட்ட வராது. கழற்றி, சுத்தமான ஒரு ஹோஸ் துண்டைச் செருகி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால், அல்லது உள்ளே தார் போல இறுகி எந்தப் பக்கமும் போகாவிட்டால், புதியதைப் போடுங்கள். கழுவிப் போடுவதை நான் விரும்புவதில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் வயதாகியிருக்கும்.

சில கார்களில், ஐரோப்பிய கார்களில் அதிகம், தனி வால்வு இருக்காது. டெப்பட் கவரிலேயே, எஞ்சினின் மேல்மூடியிலேயே, ஒரு மெல்லிய றப்பர்த் தோல் இருக்கும். அது கிழிந்தால் எஞ்சின் ஓடும்போது விசில் போலச் சத்தம் வரும், ஒயில் மூடியைத் திறக்கப் போனால் உள்ளே இழுத்துப் பிடிக்கும். ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைத் தளர்த்தி அதன்மேல் ஒரு கடதாசித் துண்டை வைத்துப் பாருங்கள். இலேசாக உறிஞ்சினால் நல்லது. மூடி துள்ளி, கடதாசி பறந்து, புகை உந்தி வந்தால் ஒன்றில் பிசிவி அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்காமல் அடுத்த காசைச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது ஒயில் மட்டம். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் சேர்விஸ் ஆட்கள் உண்டு, ஆனாலும் சொல்கிறேன். சின்ன டர்போ எஞ்சின்கள் பலவற்றுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 லீற்றரும் கொஞ்சமும்தான் ஒயில் கொள்ளும். கடையில் கிடைப்பது 4 லீற்றர் கேன். மிச்சம் எதற்கு என்று முழுவதையும் ஊற்றிவிடுகிறார்கள். வாகனச் சொந்தக்காரருக்கும் அது பிடிக்கிறது, "கூட இருந்தால் நல்லதுதானே" என்பார். நல்லதில்லை. மட்டம் ஏறினால் கிராங்க் சுற்றும்போது ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். மோர் கடைவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில். அந்த நுரையும் புகாரும் பிரீதர் வழியாகத்தான் வெளியே போகும். காலையில் குளிர்ந்த எஞ்சினில், சமதரையில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். இரண்டு குறிக்கும் நடுவில், மேல்குறிக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். மேல்குறியைத் தாண்டியிருந்தால் கொஞ்சம் இறக்குங்கள். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்து, டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெற்றோல் மணம் வந்தால், எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கிறது என்று பொருள். கல்லடியிலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து கல்லடிக்கு என்று பாலத்தைத் தாண்டி 3, 4 கிலோமீற்றர் மட்டுமே ஓடும் கார்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீர் சூடேறிய பிறகும் ஒயில் சூடேற நேரம் எடுக்கும். அது சூடேறுவதற்குள் நீங்கள் காரை நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே சேர்ந்த தண்ணீரும் பெற்றோலும் ஆவியாகிப் போக வழியில்லை. பிள்ளையை ஏற்றப் பள்ளிக்கூட வாசலில் ஏசியைப் போட்டு அரை மணித்தியாலம் நிற்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கிழமைக்கு ஒரு தடவையாவது கல்முனை வரை போய் வாருங்கள். ஒரு வழி 40 கிலோமீற்றர் அளவில் வரும், ஒயில் நன்றாகச் சூடேறிவிடும்.

எந்த ஒயில் என்பதும் முக்கியம். கையேட்டில் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் இருந்தால் அதையே ஊற்றுங்கள், வெக்கை நாடு என்று நீங்களாகத் தடிப்பான ஒயிலுக்குப் போக வேண்டாம். கேனில் ஏபிஐ எஸ்பி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் வந்த தரம் அது. குறைந்த வேகத்தில் அதிகமாக மிதிக்கும்போது சின்ன டர்போ எஞ்சின்களில் வரும் ஒரு கெட்ட வெடிப்பு உண்டு. ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனையே உடைத்துவிடும். எரியும் அறைக்குள் வரும் ஒயில் துளிகளும் அதற்கு ஒரு காரணம். அதைக் குறைக்கும் சோதனையில் தேறிய ஒயில் இது. ஆவியாகும் தன்மைக்கு நோவாக் என்று ஒரு சோதனை இருக்கிறது. 250 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் சூடாக்கி எத்தனை வீதம் எடை குறைகிறது என்று பார்ப்பார்கள். ஜப்பான், அமெரிக்கத் தரத்தில் 15 வீதம் வரை விடுவார்கள், ஐரோப்பிய ஏசிஇஏ சி3 தரத்தில் 13 வீதம். ஆவி குறைந்தால் பைப்பில் படிவதும் குறையும். நல்ல முழுச் செயற்கை ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, ஓட்டம் குறைவென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். விலை கூடிய ஒயிலை வாங்கி 10,000 வரை இழுப்பதைவிட இதுதான் என் அனுபவத்தில் எஞ்சினைக் காப்பாற்றியது.

இப்போது காற்று ஃபில்டர். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். படுவான்கரையிலிருந்து ஒரு பெரியவர் டீசல் பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் இரண்டு தடவை டர்போ மாற்றியிருந்தார்கள், இரண்டு தடவையும் சில மாதத்தில் இன்டர்கூலர் நிறைய ஒயில். "இன்னொரு டர்போ என்றால் வயலைத்தான் தம்பி ஈடு வைக்க வேணும்" என்றார். ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். பெரும்போக அறுவடைக் காலம், மெசின் வெட்டும் வயல் ஓரத்திலும் கிறவல் றோட்டிலும் ஓடிய வாகனம். ஃபில்டரின் மடிப்புகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. உமித் தூசி களிமண் பூசியது போல அப்பியிருந்தது. காற்று வர வழியில்லாதபோது டர்போ என்ன செய்யும்? தன் வாசலில் கடும் உறிஞ்சலை உண்டாக்கும். டர்போவின் தண்டில் இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற ஒரு வளையம். தண்ணீர்க் குழாயின் வாசர் போல இறுக்கிப் பிடிக்கும் சீல் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கத்துக் காற்றழுத்தமும் சரியாக இருக்கும்வரைதான் அது ஒயிலைத் தடுக்கும். வாசலில் உறிஞ்சல் கூடினால் ஒயிலை இழுத்துக்கொள்ளும்.

அதோடு முடியவில்லை. டர்போவிலிருந்து ஒயில் கீழே சம்புக்கு, எஞ்சினின் ஒயில் தொட்டிக்கு, இறங்கும் குழாயைக் கழற்றினேன். முதலில் மாற்றியவர்கள் கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசையைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். பிதுங்கிய பசை குழாய்க்குள் ஒரு தடித்த புழுவைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் சுற்றும் தண்டுக்கு ஒயில் அழுத்தத்தோடு வருகிறது. வந்த ஒயில் திரும்பிப் போவதோ சும்மா வடிந்துதான், தள்ளிவிட எதுவும் இல்லை. வடியும் வழி பாதி அடைத்தால் நிறைந்து, சீலைத் தாண்டி, இரண்டு பக்கமும் ஒழுகும். புழுவை எடுத்தோம், சரியான கேஸ்கட் போட்டோம், புது ஃபில்டர் போட்டோம். டர்போவைத் தொடவில்லை. அந்த வாகனம் இன்னும் அதே டர்போவோடுதான் ஓடுகிறது. அவர் வரும்போதெல்லாம் ஃபில்டர் பெட்டியை நான் கேட்காமலே திறந்து காட்டுவார்.

உங்களுக்கும் அதுதான். வறண்ட கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் ஃபில்டரை மாதம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கம்ப்ரெசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், கடதாசி கிழிந்தால் தூசி நேராக டர்போவின் சக்கரத்தில் போய் அடிக்கும்.

டர்போவையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் சரியாக. குளிர்ந்த எஞ்சினில் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் முனையைப் பிடியுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, ஒயிலின் படலத்தில் மிதக்கும் தண்டு அது. இதைப் பார்த்துத்தான் பலர் "ஆடுது, போயிட்டுது" என்று முடிவு கட்டுகிறார்கள். உள்ளே வெளியே என்று இழுத்துத் தள்ளும்போது கையில் ஆட்டம் தெரிந்தால், சக்கரத்தின் இதழ் கூட்டில் உரசிய அடையாளம் இருந்தால், சுற்றும்போது கரகரத்தால், அப்போது டர்போ பழுதுதான். மாற்றத்தான் வேண்டும்.

கேச் கேன் பற்றி. அது கெட்ட பொருள் இல்லை, நானே பல கார்களுக்குப் பூட்டியிருக்கிறேன். ஆனால் மேலே சொன்னவற்றைச் சரிபார்க்காமல் பூட்டினால் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்தது போலத்தான் ஆகும். எல்லாம் சரியாக இருந்து, நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினாகவும் இருந்தால் பூட்டுவது பிரயோசனம். ஏனென்றால் பழைய முறையில் பெற்றோல் இன்டேக் வால்வின் முதுகில் தெளிக்கப்பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். நேரடி இன்ஜெக்ஷனில் பெற்றோல் சிலிண்டருக்குள்ளேயே போவதால் வால்வில் படியும் ஒயிலைக் கழுவ எதுவும் இல்லை. சூட்டில் அது கரியாக இறுகும். மிட்சுபிஷி 1996இல் பெருமளவில் நேரடி இன்ஜெக்ஷன் பெற்றோல் எஞ்சின்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இந்தத் தொல்லை இருக்கிறது. டொயோட்டா பிறகு சில எஞ்சின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரையும் சேர்த்தே வைத்தது, வால்வு சுத்தமாக இருப்பதும் அதில் ஒரு நன்மை. உங்கள் கார் எந்த வகை என்று எஞ்சின் இலக்கத்தை வைத்துப் பாருங்கள். சின்ன ஜப்பான் டர்போக்கள் சிலவற்றில் இன்னும் பழைய முறைதான். அப்படியென்றால் கேச் கேனுக்கு அவ்வளவு அவசரமில்லை.

பூட்டுவதென்றால் வெறும் தகரப் பெட்டி வேண்டாம். உள்ளே தடுப்புத் தட்டும் கம்பி வலையும் இருக்க வேண்டும், அதில் மோதித்தான் ஒயில் துளி பிரியும். ஹோஸின் உள்விட்டம் கம்பனி ஹோஸைவிடச் சிறிதாகக் கூடாது. சைலன்சர் பக்கத்துச் சூட்டுக்குத் தூரமாக வையுங்கள். வெளியேறும் வாயு மறுபடி டர்போவின் வாசலுக்கே போக வேண்டும், வெளியே திறந்துவிடக் கூடாது. திறந்துவிட்டால் காருக்குள் ஒயில் மணம் வரும், கணக்கில் வராத காற்று உள்ளே போய் எஞ்சின் லைட் எரியும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் சிக்கலாகும். நம் வாவிக்கரைக் காற்றில் ஈரம் அதிகம். கேனைத் திறந்தால் ஒயிலோடு தண்ணீரும் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், எடுத்து எஞ்சினுக்குள் திருப்பி ஊற்றவும் வேண்டாம். முதலில் 1,000 கிலோமீற்றரில் திறந்து எவ்வளவு சேர்கிறது என்று பார்த்து, அதை வைத்து இடைவெளியை முடிவு செய்யுங்கள். நிறைந்து வழி அடைத்தால் பிசிவி அடைத்த அதே தொல்லை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

ஏற்கெனவே சேர்ந்த ஒயிலை எடுக்க இன்டர்கூலரைக் கழற்றித் தலைகீழாக ஒரு இரவு வடிய விடுங்கள். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, சவர்க்காரத் தண்ணீரால் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் மிஞ்சியிருக்க எஞ்சினைத் தொடக்க வேண்டாம். டீசல் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய ஒயிலை டீசல் எஞ்சின் எரிபொருளாகவே எடுத்துக்கொண்டு, திறப்பை நிறுத்தினாலும் நிற்காமல் கத்திக்கொண்டு ஓடிச் சிதறிவிடும். அப்படி நடந்தால் பிரேக்கை முழுக்க அமுக்கி, பெரிய கியரைப் போட்டு, கிளச்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஓட்டோ கியர் என்றால் காற்று வழியைப் பலகையால் அடைக்க வேண்டும், கையை வைத்துவிடாதீர்கள். டீசலில் ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) வழியாக வரும் கரியும் ஒயிலும் சேர்ந்து மெனிபோல்டை தார் போல அடைப்பது தனிக் கதை, அதைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அலுமினிய மெனிபோல்டைக் கோஸ்டிக் சோடாவில் ஊறப்போட யாரையும் விடாதீர்கள். கரியோடு அலுமினியத்தையும் அது தின்றுவிடும்.

வால்வில் கரி இறுகிவிட்டால் டேங்கில் ஊற்றும் மருந்து நேரடி இன்ஜெக்ஷனில் அந்த இடத்துக்குப் போகவே போகாது. காலையில் தொடக்கும்போது எஞ்சின் நடுங்கி, சூடேறியதும் சரியாகிறதென்றால் சந்தேகப்படலாம். அப்போது மெனிபோல்டைக் கழற்றி, அந்தந்த வால்வை மூடிய நிலையில் வைத்து, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துச் சுரண்டுவதுதான் உருப்படியான வழி. டர்போ வாசலில் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யும் வேலை வேண்டாம். கழன்ற கரிக்கட்டி சிலிண்டரைத் தாண்டிப் புகை பக்கத்துச் சக்கரத்தில் போய் அடிக்கலாம்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. திறந்த பிறகும் விலையைப் பார்த்தால், கையில் இருக்கும் காரை இன்னும் பத்து வருடம் ஓட்டத்தான் நம்மில் பலர் யோசிக்கிறோம். ஆகவே தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக், காற்று ஃபில்டர், பிசிவி, பிரீதர் ஹோஸ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பைப்பைத் துடைத்துச் சுத்தமாக்கிப் பூட்டி, கிலோமீற்றரைக் குறித்து வையுங்கள். 1,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு அதே பைப்பைக் கழற்றி எவ்வளவு நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள். பிசிவியை ஊதிப் பார்த்தபோது எந்தப் பக்கம் காற்றுப் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.